மேடையில் ஒரு குப்பி வெள்ளம்

ரப்பர் பாலை அரித்து டிஷ்களில் ஊற்றிவிட்டு, ஆசிட் குப்பிக்காகக் கையை நீட்டினேன். சுவர்த்திட்டில் குப்பி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது.

முதலில் பயம் வரவில்லை. எலி தட்டிவிட்டிருக்கும் என்று கீழே பார்த்தேன். மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஷீட் உலர்த்துகிற புகைப்புரை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம்தான் ஷெட்டின் மூலை கண்ணில் பட்டது. மத்தியானம் வரை அங்கே ஒரு கட்டு தண்ணீர்க் குப்பி இருந்தது. இப்போது கிழிந்த பிளாஸ்டிக் உறை மட்டும் கிடந்தது.

காரியம் இதுதான். ரப்பர் பால் உறைவதற்கு ஆசிட் வேண்டும். கொஞ்சம் ஆசிட்டை நிறைய தண்ணீரில் கலக்கிப் பாலில் விட்டால்தான் அது கட்டியாகும், மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்கலாம். நான் ஆசிட்டை ஒரு கறுப்புக் கேனில் வைத்திருப்பேன். அன்றைக்குப் பார்த்துக் கேனின் அடிப்பாகம் கீறி ஒழுகியது. கையில் அகப்பட்ட ஒரு காலித் தண்ணீர்க் குப்பியில் அதை ஊற்றி, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு மூடினேன். ரப்பர் வெட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் குப்பியில் ஊற்றியதும் லேபிளைக் கிழித்துவிட்டு, கழுத்தில் ஒரு கந்தைத் துணியைக் கட்டிவிட வேண்டும். கந்தை கட்டின குப்பியை எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள்கூடத் தொடாது. நான் லேபிளில் நகத்தை வைத்ததுதான் தாமதம், என் பெண்டாட்டி ஷெர்லி முற்றத்திலிருந்து, எப்போதும்போல மகள் பெயரைச் சேர்த்து, கூப்பிட்டாள்.

"பிரிஜாக்க அப்பா, இஞ்ச வாருங்கோ! ரெபேக்கா போட்டோ எடுக்கணும்னு நிக்கா. அந்தப் பால் சட்டையள மாத்திட்டு வாருங்கோ, நாணங்கெடுத்தாதேயுங்கோ!"

ரெபேக்கா அன்று எங்கள் வீட்டு விருந்தாளி. குப்பியைத் திட்டில் வைத்துவிட்டுப் போனேன். சட்டை மாற்றினேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். பிறகு சாப்பாடு, ஜெபம், வழியனுப்புதல். கந்தை அப்படியே மறந்துபோயிற்று. கார் கிளம்பும்போது ஷெர்லியின் தம்பி ஆன்ஸ்லின் ஓடி வந்து, "அத்தான், வெள்ளக் குப்பி மிச்சம் கிடக்கே, வண்டியில எடுத்து வைக்கட்டா? ஸ்டேஜுக்கு ஆவும்லா" என்று கேட்டான். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் அவன்தான் பாட்டுக்காரி ரெபேக்காவைக் கவனிக்கிற வாலண்டியர், காரும் அவன்தான் ஓட்டினான். "எடுத்துக்க டே" என்று சொன்னவன் நான். கார் போனதும் பால் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன்.

மூலையில் இருந்த குப்பிகளை எடுத்தவன் திட்டில் இருந்த குப்பியையும் சேர்த்து எடுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதே கம்பெனி, அதே லேபிள், அதே நீல மூடி. உள்ளே இருப்பதும் பார்க்கப் பச்சைத் தண்ணீர்தான்.

அந்தக் கார் போனது மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் நடக்கிற கன்வென்ஷனுக்கு. அதில் போனவள் ரெபேக்கா அச்சியெங்.

போஸ்டரில் அவள் பெயரைப் பார்த்தவர்களுக்கு அவள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய பாட்டுக்காரி. எங்களுக்கு அவள் குவைத்தில் ஷெர்லியோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவள். ஓர் அரபி வீட்டில் ஷெர்லி சமையலுக்கு இருந்தாள், ரெபேக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து, அதுதான் இருவருக்கும் அறை. கென்யாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் ரெபேக்கா. அப்பன் வலையை இழுக்கும்போது பாடுகிற பாட்டில்தான் அவள் பாட்டுப் படித்தாளாம். குவைத் வீட்டில் சத்தம் காட்டக் கூடாது. அதனால் துணி துவைக்கிற மெஷினைப் போட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்குள்ளே நின்று பாடுவாள். ஷெர்லி எனக்குப் போன் பண்ணி, "கேளுங்கோ, மெஷினுக்க உள்ள ஒரு சத்தம் கேக்குதா?" என்பாள். எனக்கு மெஷின்தான் கேட்கும். இருந்தாலும் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை லீவு. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சபை கூடும். மலையாளிகள் முடித்ததும் தமிழர்கள், அவர்கள் முடித்ததும் ஆப்பிரிக்காக்காரர்கள். அங்கே ரெபேக்கா பாடியதை யாரோ ஒரு மலையாளத்து நர்ஸ் போனில் எடுத்துவிட்டாள். அது ஊர் ஊராகப் போயிற்று. அவளுடைய நாட்டிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் தேடி வந்தார்கள். வேலைக்காரியாகப் போனவள் பாட்டுக்காரியாகத் திரும்பிப் போனாள். பிறகு மேடைக்கு மேல் மேடை. தான்சானியா, உகாண்டா, லண்டன். நல்ல காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, உலகம் முழுக்க வந்த அதே காய்ச்சல். உயிர் தப்பினாள். தொண்டை போய்விட்டது. மாதக் கணக்கில் காற்றுதான் வந்ததாம், சத்தம் வரவில்லை. அவளுடைய பாட்டுக் குழுவே வேறொரு பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டது. அப்புறம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இந்தப் பயணம்தான் அதற்குப் பிறகு வெளிநாட்டில் அவளுக்கு முதல் மேடை. குவைத்து மலையாளிகள் சொல்லி ஏற்பாடானது. மணவாளக்குறிச்சி என்றதும், ஷெர்லியின் ஊர் எவ்வளவு தூரம் என்றுதான் அவள் முதலில் கேட்டாளாம்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே ஷெர்லியிடம் ஏதோ சொன்னாள். ஷெர்லி எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "டாக்டர் பறஞ்சாராம், தொண்டை காயாமப் பாத்துக்கணும், பாட்டுக்குப் பாட்டு வெள்ளம் குடிக்கணும்னு. இனி ஒருக்கா கெட்டா பின்ன வராதாம். பாடாண்டாம்னா அவ எதுக்குன்னு கேக்கா."

வெளிநாட்டு விருந்தாளிக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று கட்டாய் தண்ணீர்க் குப்பி வாங்கி வைத்தது அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆசிட்டுக்கு வாடை உண்டு. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு ரெபேக்காவுக்கு வாடை தெரியாது. சபைக்காரர்கள் எல்லோரும் ஷெட்டின் நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தபோது, அவள் ரப்பர்க் கழிவான ஒட்டுப்பால் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மரியாதைக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். ஷெர்லி கேட்டதற்கு அவள் மூக்கைத் தொட்டுக் காட்டி, "மூக்கு மாஃபி, மாமா பிரிஜா" என்று சிரித்தாள். மாஃபி என்றால் அரபியில் இல்லை. அவர்கள் நாட்டில் பெற்றவளைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து மாமா என்றுதான் கூப்பிடுவார்களாம். முற்றத்தில் நின்ற பெண்கள் எல்லாம், "ஷெர்லி மாமா, ஒரு காப்பி தாருமே" என்று அவளைப் போட்டுக் கலாட்டா பண்ணினார்கள்.

வாயில் வைத்துக் குடிக்கிறவளாக இருந்தால்கூட உதட்டில் பட்டதும் சுட்டு, விலக்கிவிடுவாள். ரெபேக்கா அண்ணாந்துதான் குடிப்பாள். குவைத்தில் இரண்டு பேருக்கும் ஒரே டம்ளர் என்பதால் ஷெர்லி படித்துக் கொடுத்த பழக்கம். குப்பியை முகத்துக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல், நேரே தொண்டைக்குள் விடுவாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் குடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

போனை எடுத்து ஷெர்லியைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளேயே, தலையணைக்கு அடியில் அது அடித்தது. விருந்தாளியோடு காரில் போகிற பரபரப்பில் போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆன்ஸ்லினைக் கூப்பிட்டேன். அவன் போனில் மணி அடிப்பதற்குப் பதில் பாட்டு வைத்திருந்தான். ரெபேக்காவின் பாட்டு. காதுக்குள்ளே அவள் குரல் தாழ்வாக ஆரம்பித்து மேலே ஏறி ஏறிப் போயிற்று. யாரும் எடுக்கவில்லை. பாட்டு பாதியில் அறுந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே பாட்டு, ஆரம்பத்திலிருந்து.

சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஒரு நம்பர் இருந்தது. அதையும் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஸ்தோத்திரம். ஜெபக் குறிப்பா, சாட்சியா?"

"அம்மா, நான் குலசேகரத்தில இருந்து ஆபேல் பேசுதேன். அந்த ஆப்பிரிக்காப் பாட்டுக்காரி இருக்கால்லா, அவளுக்குக் குடுத்த வெள்ளத்தில..."

பின்னால் டிரம் செட் சத்தம். "கேக்கல பிரதர். சகோதரிக்கு என்ன?"

"தொண்டை போயிரும்! அந்தக் குப்பிய..."

"சகோதரிக்க தொண்டைக்காக ஜெபிக்கணும். எழுதிட்டேன் பிரதர். எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கோம்." போன் வைத்தாயிற்று. அப்புறம் எத்தனை முறை போட்டாலும் பிஸி.

செருப்பைப் போடக்கூட நிற்காமல் ரோட்டுக்கு ஓடினேன். சஜின் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். என் வயதுக்காரன். கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவன்.

"மணவாளக்குறிச்சிக்கு விடு, சஜின். சாடி வண்டியில கேறு."

"என்ன மக்கா, செருப்பும் இல்ல, சட்டையில பாலும் வடியுது. கன்வென்ஷனுக்கா? நீ போற கோலத்துக்கு மேடையில விடமாட்டானுவ கேட்டியா."

"ஆசிட்டு குப்பி மாறிப்போச்சுடே. பாட்டுக்காரி குடிக்கிற வெள்ளத்தோட போச்சு."

சஜின் துணியை அப்படியே போட்டான். ஆட்டோ பாய்ந்தது. திருவட்டாறு தாண்டியதும் சஜின் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"கந்தை கெட்டலியா நீ?"

"கெட்டல."

"லேபிளக் கிழிக்கலியா?"

"இல்லடே."

"இருபது வருசமா வெட்டுத... ஒரு கந்தை. உடுத்திருக்க முண்டில ஒரு துண்டு கிழிச்சிருந்தா மதியே!"

"ஏசாதே சஜின். வண்டிய விடு."

"ஏசல்ல மக்கா, பேடியில, பயத்தில பறையேன்." கொஞ்ச தூரம் போனதும், "அவ குடிச்சிட்டாண்ணா போலீஸு முதல்ல உன்னயத்தான் கேக்கும். பிறகு வண்டி விட்ட என்னயும் கேக்கும்" என்றான். பிறகு அவனே, "சும்மா பறஞ்சேன். நீ போன் போடு" என்றான்.

போட்டேன். ரெபேக்கா பாடினாள். யாரும் எடுக்கவில்லை. கண்ணை மூடினால் அவள் குப்பியைத் தூக்குவதுதான் தெரிந்தது. என் நாட்டில் என் வீட்டுக்கு வந்து என் கையால் சோறு வாங்கித் தின்றவள். தொண்டை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த ஏரிக்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவள். அந்தத் தொண்டைக்கு மேலே என் குப்பி.

அழகியமண்டபத்தில் லாரிகள் வழியை அடைத்து நின்றன. சஜின் ஆட்டோவை ஓடைக் கரையில் ஏற்றி ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனான். ஒரு லாரிக்காரன் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். சஜின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கள்சந்தையில் மீன் வாங்குகிற கூட்டம். ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. மணவாளக்குறிச்சிக்கு நெருங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆட்டோ சத்தத்துக்கு மேலே காற்றில் அவள் குரல் வந்தது. இந்த முறை போனில் இல்லை.

"பாடுதா" என்றேன். "பாடுதான்னா இன்னும் குடிக்கல."

"பாட்டு முடிஞ்சாத்தானே குடிப்பா" என்றான் சஜின். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கன்வென்ஷன் மைதானம் கடலைப் பார்த்த வெளி. கறுப்பு மணல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு கட்டின வழி. தூரத்தில் மேடை. வெள்ளை உடுப்பும் தலையில் மஞ்சள் துணிக்கட்டுமாய் ரெபேக்கா நின்று பாடினாள். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு குப்பி, மூடி திறந்து வைத்தது. நீல மூடி பக்கத்திலேயே கிடந்தது.

நடு வழியில் ஓடினேன். "அந்த வெள்ளம் குடிக்காண்டாம்! ரெபேக்கா! குடிக்காண்டாம்!" என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அலமாரி உயரத்துக்கு இருந்தது. பாதித் தூரத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வாலண்டியர்கள் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். செருப்பில்லாத கால், பால் காய்ந்த சட்டை, கலைந்த தலை. நான் திமிறினேன்.

"விடுங்கோ! அந்தக் குப்பி... வெள்ளம், வெள்ளம்!"

"பிரதர், இவனுக்கு ஆவி பிடிச்சிருக்கு" என்றான் ஒருவன். இன்னொருவன் என் தலையில் கையை வைத்து அழுத்தினான். "இயேசுவின் நாமத்தினாலே, வெளியே வா!"

"ஏ, எனக்கு ஒண்ணும் இல்லடே! நான் ஷெர்லிக்க மாப்பிள!"

"பேரு சொல்லுது, பேரு சொல்லுது! ஷெர்லின்னு ஒரு ஆவி!"

மேடையில் இருந்த போதகர் இதைப் பார்த்துவிட்டார். மைக்கைப் பிடித்து, "துதி பாடும்போது சத்துரு கலங்குவான்! எல்லாரும் கையை நீட்டுங்க!" என்றார். அத்தனை பெரிய கூட்டமும் என் பக்கம் கையை நீட்டி அல்லேலூயா போட்டது. நான் தண்ணீர், தண்ணீர் என்று அலற அலற அவர்கள் சத்தம் ஏறியது. ரெபேக்கா பாட்டை நிறுத்தவில்லை. ஆவி பிடித்தவர்கள் நடுவே பாடுவது அவளுக்குப் புதிதாக இருக்காது.

"தண்ணி கேக்கான். கொண்டு வா" என்றான் என் கையை முறுக்கினவன்.

யாரோ மேடைக்கு ஓடினான். ஸ்டூலில் இருந்த அந்தக் குப்பியையே எடுத்துக்கொண்டு வந்தான். மேடையிலிருந்து குப்பி போய்விட்டது, எனக்கு அது போதும். ஊற்றட்டும். என் தலையில் ஊற்றட்டும். தோல் உரிந்தால் உரியட்டும். கண்ணை இறுக்கி மூடினேன். குளிர்ந்து இறங்கியது. மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. நாக்கை நீட்டி நக்கினேன்.

பச்சைத் தண்ணீர்.

கண்ணைத் திறந்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. ஆன்ஸ்லின் குனிந்து, காலடியில் இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து வேறொரு குப்பியை எடுத்தான். பாட்டுக்காரிக்குச் சிரமம் வேண்டாம் என்று மூடியைத் தானே திருகினான். மூடி சுலபமாய்க் கழன்றது. சீல் உடைகிற சத்தம் இருந்திருக்காது, டிரம்முக்கு நடுவே அது அவனுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது. முகத்தைச் சுளித்து ஒரு தும்மல் போட்டான். அதை ஸ்டூலில் வைத்துவிட்டு மேடையின் ஓரத்துக்குப் போனான். பாட்டு கடைசி வரிக்கு வந்திருந்தது. டிரம்மும் நின்றது. ரெபேக்கா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஸ்டூல் பக்கம் கையைக் கொண்டுபோனாள். போதகர் மைக்கில் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தியது எனக்கு நினைவில்லை. அடுத்த நொடி மைதானம் செத்துப்போனது போல் இருந்தது. போதகர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. விளக்குகளும் போயின. வெளிச்சம் இன்னும் வானத்தில் இருந்தது, கடல் இரைவது கேட்டது. சஜினை யாரும் பிடிக்கவில்லை. அவன் மேடைக்குப் பின்னால் போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டிருந்தான்.

அந்த அமைதியில் என் குரல் ஒன்றுதான் நின்றது.

"ஷெர்லீ! குப்பியில ஆசிட்டு!"

ஷெர்லி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். என்னை நோக்கிக் கை நீட்டி ஜெபிக்காத ஒரே ஆள் அந்த மைதானத்தில் அவளாகத்தான் இருக்கும். கயிற்றைத் தாண்டிக்கொண்டு என்னிடம் வருவதற்காக எழுந்து நின்றிருந்தாள். அவள் திரும்பினாள். ரெபேக்கா அண்ணாந்திருந்தாள். குப்பி முகத்துக்கு மேலே சாய்ந்திருந்தது. ஷெர்லி மேடைப் படியில் ஏறவில்லை. சேலையை வாரிக்கொண்டு மேடை விளிம்பிலேயே ஒரே தாவலில் ஏறி, கையை வீசி அந்தக் குப்பியை அடித்தாள்.

குப்பி பறந்து விரிப்பில் விழுந்தது. ஓடிய இடமெல்லாம் விரிப்பு நுரைத்தது. முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். ரெபேக்கா இருமினாள். இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

என்னைப் பிடித்திருந்த கைகள் விட்டன. ஓடினேன். மேடைக்குப் போய்ச் சேரும்வரை அவள் இருமல் நிற்கவில்லை.

"உள்ள போச்சா? கேளு ஏட்டி, உள்ள போச்சான்னு கேளு!"

ஷெர்லி அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அரபியும் இங்கிலீஷும் தமிழுமாய்க் கேட்டாள். ரெபேக்கா உதட்டைத் தொட்டுக் காட்டினாள். முன்கையைக் காட்டினாள். சிவந்து வந்தது. தொண்டையைத் தொட்டாள். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கு விளங்கவில்லை.

"தெரியல்லங்கா" என்றாள் ஷெர்லி. "ஒரு சொட்டு விழுந்துதா, வெறும் வாடைதானான்னு தெரியல்லங்கா."

"வெள்ளம் விடணும். கையில விடணும், வாய் கொப்பளிக்கணும். சீக்கிரம்!"

ஆன்ஸ்லின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். பெட்டியில் நாலைந்து குப்பிகள். எல்லாவற்றிலும் அதே லேபிள், அதே நீல மூடி. ஒரு குப்பிதான் மாறியது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ரெபேக்கா அந்தக் குப்பிகளைப் பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஷெர்லி நீட்டியதற்கும் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் ஒரு குப்பியை எடுத்து மூடியைத் திருகி, என் வாயில் ஊற்றி விழுங்கினேன். அடுத்ததைத் திறந்து அதையும் விழுங்கினேன். எல்லாக் குப்பியிலும் ஒரு வாய். கடைசியில் என் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாயைத் திறந்து அவளுக்கு நாக்கைக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்திருப்பாள். பிறகு கையை நீட்டினாள். நான் ஊற்ற ஊற்ற முன்கையைக் கழுவினாள், கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள்.

கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் மேலே ஏறி வந்தாள். போன் வெளிச்சத்தில் ரெபேக்காவின் வாய்க்குள்ளே பார்த்தாள். "உதடுதான் கொறச்சு சுட்டுப் பொள்ளியிருக்கு. உள்ளே எனக்கு ஒண்ணும் தெரியல்ல. எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டிருங்கோ" என்றாள். போதகர் என் பக்கம் வந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். என் காலைப் பார்த்தார். "வாங்க பிரதர், உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தை முடித்துவிடலாம், காரை எடுக்கச் சொல்லலாம் என்று வாலண்டியர்களிடம் திரும்பினார்.

ரெபேக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஷெர்லியிடம் சொன்னாள். தாழ்ந்த சத்தம், கரகரத்தது.

"என்ன பறையா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வருவாளாம். பாடிப் பாத்திட்டுத்தான் வருவாளாம். பாடாம அவளுக்குத் தெரியாதாம், தொண்டை இருக்கா போச்சான்னு. வழி முழுக்க அதையே நினைச்சிட்டு வரமாட்டேங்கா."

"வேண்டாம்னு சொல்லு."

"நான் சொன்னா கேப்பாளா? நீங்க சொல்லிப் பாருங்கோ."

சஜின் ஜெனரேட்டரைப் போட்டான். விளக்கு எரிந்தது. மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது. ரெபேக்கா டிரம்காரனைக் கையால் நிறுத்தினாள். கீபோர்டையும் வேண்டாம் என்றாள். தனியாக ஆரம்பித்தாள். அவளுடைய பாஷை, எனக்கு ஒரு வார்த்தை புரியாது. வலை இழுக்கிற மாதிரி, ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், ஓர் இழுப்பு. தாழ்வான இடத்தில் குரல் ஒழுங்காக இருந்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? குவைத்திலிருந்து வந்த சத்தத்தில் எனக்கு மெஷின்தானே கேட்டது. அதனால் நான் ரெபேக்காவைப் பார்க்கவில்லை. ஷெர்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தொண்டையைத் தெரிந்தவள் அவள்தான்.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"பேசாதேயுங்கோ. மேல போற இடம் இனிதான் வரணும்."

பாட்டு ஏறியது. ஷெர்லி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது. குரல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி. பிறகு ஓரிடத்தில், கண்ணாடியில் கீறல் விழுந்ததுபோல, பிளந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஷெர்லியைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"போச்சா?"

"இல்ல" என்றாள். "இது பழசு. காய்ச்சலுக்குப் பொறவு வந்தது. போனில எனக்குப் பாடிக் காட்டும்போ இதே எடத்தில இதேபோல உடையும். அதுக்கு அங்கோட்டு போறாளான்னு பாருங்கோ."

ரெபேக்கா உடைந்த இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி மேலே போனாள். கூட்டம் எழுந்து நின்றது. ஷெர்லி என் கையை விட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. பாட்டின் அடுத்த அடி வரும், அதற்கு அடுத்த அடி வரும், அவற்றில் ஏதாவது உடையலாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, பாட்டு முடிகிறவரை அந்த நனைந்த விரிப்பின் ஓரத்திலேயே நின்றேன்.